பங்காருவுக்குச் சம்பந்தம் பேசிய நாள்

வலிப்பு வந்த நாயின் வாய்க்குள் விரலை விடக்கூடாது என்று கால்நடை மருத்துவம் படிக்கிற உங்களுக்கு முதல் வருடமே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த நாயைச் சுற்றி நிற்கும் மாமன்மாரின் வாயை எப்படிச் சமாளிப்பது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. அதை என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பீளமேட்டில் க்ளினிக் வைத்திருந்த காலத்தில் என்னை மாடு முட்டியிருக்கிறது, பூனை பிறாண்டியிருக்கிறது, ஒரு கிளி கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறது. அதற்கெல்லாம் நான் அசரவில்லை. எந்தக் கேஸில் உள்ளங்கை வியர்த்தது என்று கேட்டீர்களே, அது ஒரு பீகிள் நாய். இடம், பெண்ணை உறுதி செய்ய எல்லாரும் கூடியிருந்த ஒரு வீட்டின் ஹால். என் கையில் மருந்துப்பை இல்லை, ஒரு மைசூர்பா இருந்தது.

அந்த நாயின் பெயர் பங்காரு. தெலுங்கில் தங்கம் என்று அர்த்தம். அதன் சொந்தக்காரர் ஜெகந்நாதன், மோட்டார் பம்ப் செய்கிற பட்டறை வைத்திருந்தவர், என் க்ளினிக்கிலிருந்து சற்றுத் தள்ளி வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கொங்குத் தமிழ். பங்காருவுக்கு மட்டும் தமிழ் வராது. "வா" என்றால் வானத்தைப் பார்க்கும், "ரா" என்றால் ஓடி வரும். நான் ஊசி போடப் போகும்போதெல்லாம் தெலுங்கில்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஜெகந்நாதனுக்கு அந்த நாய்மேல் இருந்தது பாசம் மட்டுமல்ல, பெருமை. காது இவ்வளவு நீளம், வால்நுனி இவ்வளவு வெள்ளை, அப்பன் யார், பாட்டன் யார் என்று வந்தவர்களை உட்கார வைத்துச் சொல்லுவார். ஒரு முறை ஜோடி சேர்த்து, பிறந்த குட்டிகளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தும் இருந்தார். அந்தக் குட்டிகள் போன வீடுகளை அவர் சம்பந்தி வீடுகள் போலவே நடத்தினார். தீபாவளிக்குப் பலகாரம் போகும்.

முதல் வலிப்பு வந்தபோது பங்காரு நல்ல வாலிபத்தில் இருந்தது. அதுதான் இந்த வியாதியின் குசும்பு. குட்டியாக இருக்கும்போது காட்டிக் கொடுக்காது. வளர்ந்து, அழகாகி, ஒரு ஈத்துக் குட்டிகளுக்குத் தகப்பனும் ஆன பிறகு வந்து கதவைத் தட்டும்.

நான் போய்ச் சேரும்போது பங்காரு எழுந்து நின்று, ஒன்றும் நடக்காதது போல என் செருப்பை முகர்ந்து கொண்டிருந்தது. ஜெகந்நாதன்தான் வெளிறிப்போயிருந்தார்.

"வெயிலுங்க டாக்டரம்மா. நேத்து பூரா வெயில்ல சுத்திப்போட்டான்."

வெளியே ஐப்பசி மழை கொட்டிக் கொண்டிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அப்ப மழையாத்தான் இருக்கோணுமுங்க" என்றார்.

பரிசோதனையெல்லாம் செய்தோம். எதிலும் கோளாறு இல்லை. விசாரித்ததில், இதனுடன் பிறந்த ஒன்று வால்பாறையில் ஒரு எஸ்டேட் மேனேஜர் வீட்டில் வளர்வது தெரிந்தது. அதற்கும் வலிப்பு உண்டாம். அவர்கள் மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள். கீழே மழை, மேலே காற்று. நாய்களைத் தவிர எல்லாவற்றின் மேலும் பழி விழுந்திருந்தது.

அடுத்த முறை போனபோது ஜெகந்நாதனையும் அவர் மனைவி சுலோசனாவையும் உட்கார வைத்துச் சொன்னேன். "இது பரம்பரையா வர்றதுங்க. காது அழகு, வால் அழகுன்னு பாத்துப் பாத்து ஒரே வம்சத்துக்குள்ளயே சேத்துனா, அழகோட இதுவும் சேந்து வந்துரும். மாத்திரைல கட்டுப்படுத்தலாம். ஒரு வேளையும் விடக்கூடாது. இனிமே ஜோடி மட்டும் சேக்காதீங்க."

சுலோசனா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"மெல்லப் பேசுங்க டாக்டரம்மா. பரம்பரை அது இதுன்னு பக்கத்து ஊட்டுக்குக் கேக்கப்போவுது."

நாயின் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அவர்கள் மகள் யாமினி அப்போது ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஐ.டி. கம்பெனியில் வேலை. நான் சொல்லச் சொல்ல அவள் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். பங்காரு அவள் பாதத்தின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

மாத்திரை பிடித்துக் கொண்டது. பல மாதம் வலிப்பே இல்லை. நானும் வேறு கேஸ்களில் மூழ்கிவிட்டேன்.

அடுத்த வருடம் யாமினிக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை கார்த்தி. பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்கிற குடும்பம், இவர்கள் ஆட்களேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெண்ணை உறுதி செய்ய அவர்கள் வருகிறார்கள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

பவானிக்காரர்கள் வெறுங்கையோடு வருவார்களா? ஹால் முழுவதையும் அடைக்கிற மாதிரி ஒரு புது ஜமக்காளம் கொண்டு வந்து, அவர்களே விரித்தும் விட்டார்கள். கார்த்தியின் அம்மா ராஜேஸ்வரி, ஓரத்தில் ஒரு சுருக்கம் கண்டாலும் குனிந்து நீவிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய தம்பி வரதராஜன் வந்திருந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அந்தக் குரலை மில் சங்குக்குப் பதிலாக வைக்கலாம்.

தாம்பூலத்தட்டு மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் பங்காரு வால் ஆட்டிக்கொண்டு ஹாலுக்குள் வந்தது. வரதராஜன் அதைப் பார்த்தார். கண் விரிந்தது.

"ஏனுங்க மச்சான், இப்படி ஒரு அம்சமான பையன உள்ள வெச்சுட்டுச் சொல்லவே இல்ல! எங்கூட்ல டயானான்னு ஒருத்தி இருக்கறாளுங்க, இதே ஜாதி. ஒரே மேளத்துல ரெண்டு சம்பந்தத்தையும் முடிச்சுப்போடலாமுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெகந்நாதன் என்னைப் பார்க்காமல் சிரித்தார்.

"அதுக்கென்னுங்க, ஜோராப் பண்ணிப்போடலாம்."

கையிலிருந்த மைசூர்பாவைத் தட்டில் வைத்தேன். இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? நல்ல காரியம் நடக்கிற வீடு. நாய்க்கு வியாதி என்று எழுந்து நின்று அறிவித்தால் அந்த மனிதரை அவர் வீட்டிலேயே பொய்யராக்கியதாகும். சும்மா இருந்தால் டயானாவின் குட்டிகள் ஒவ்வொன்றாக வலிப்பில் விழும். நான் தமாஷாகவே ஆரம்பித்தேன்.

"பங்காரு சன்னியாசம் வாங்கிட்டானுங்க. சம்சாரமே வேண்டாம்னு எங்கிட்டச் சொல்லிட்டான்."

"அட, எதுக்குங்க டாக்டரம்மா?" என்றார் வரதராஜன்.

என்ன பதில் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக் கொண்டிருக்கும்போதே பங்காரு பதில் சொல்லிவிட்டது. நின்ற நிலையில் கால்கள் விறைத்தன. பக்கவாட்டில் விழுந்தது. புது ஜமக்காளத்தின் நட்டநடுவில் நான்கு கால்களும் இழுக்க ஆரம்பித்தன. வாயில் நுரை. அந்த நுரையோடு, சொல்லாமல் விடக்கூடாது, பவானித் தறியின் அந்தச் சிவப்புப் பட்டையில் ஒரு பெரிய ஈரமும் பரவியது.

ஹால் எழுந்து நின்றது.

"இரும்பு! இரும்பு கொண்டாங்க!"

மோட்டார் பம்ப் வீட்டில் இரும்புக்கா பஞ்சம்? ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டு வந்தார். ஒருவர் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அரிவாள்மணையோடு ஓடி வருகிறவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேருக்கு மயக்கம் வந்தது. சாவியை நாயின் எந்தக் கையில் கொடுப்பது என்று ஒரு விவாதம் தொடங்கியது. வரதராஜன் ஷோகேஸைத் திறந்து, ஜெகந்நாதனின் பட்டறையில் முதன் முதலாக வார்த்த இம்பெல்லரை, பம்புக்குள் சுழலும் அந்த இரும்புச் சக்கரத்தை, எடுத்து வந்து பங்காருவின் மூக்கருகே வைத்தார்.

"எல்லா இரும்பையும் எடுங்க! கால் அடிபட்டுரும்!" என்று கத்தினேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் முழங்கால் சொன்னபடி கேட்டது. சோபாவிலிருந்து ஒரு குஷன் என் பக்கம் நீண்டது. நீட்டியவன் மாப்பிள்ளை கார்த்தி. அவனே மண்டியிட்டு நாயின் தலைக்கடியில் அதைத் தள்ளிக் கொடுத்தான். மற்றவர்களை விலகச் சொல்லி, ஃபேனைக் கூட்டச் சொல்லி, கண்ணை என் கைக்கடிகாரத்தில் வைத்தேன். நாயைப் பார்த்துக் கொண்டிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் ஒரு மணி நேரமாகத் தெரியும். கடிகாரம் பொய் சொல்லாது.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "தட்டு மாத்தற நேரத்துல இப்படி ஆவுதே, சகுனமே செரியில்லீங்களே…"

இந்த ஒரு வாக்கியம் நாயை ஒன்றும் செய்யாது. ஆனால் யாமினியின் கல்யாணத்தை அந்த ஹாலிலேயே கொன்றுவிடும். ராசியில்லாத பெண் என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஈரோட்டைத் தாண்டி ஓடும். ஆகவே நான் திரும்பிப் பார்க்காமலே சத்தமாகச் சொன்னேன்:

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. இது இந்த ஜாதி நாய்ல பரம்பரையா வர்ற வலிப்பு. ரொம்ப நாளாவே இருக்குது. நாந்தான் மருந்து குடுத்துட்டு இருக்கறேன்."

சகுனப் பேச்சு அடங்கியது. வரதராஜன் என் முகத்தையும் ஜெகந்நாதன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். டயானாவின் சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

இழுப்பு கொஞ்சம் தணிந்தது. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆரம்பித்தது. இடையில் நினைவு திரும்பவே இல்லை. இது நல்லதற்கில்லை என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

"காலைல மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

சுலோசனா கணவரைப் பார்த்தார். ஜெகந்நாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நிறுத்திப்போட்டேனுங்க."

"எப்ப இருந்து?"

"இந்தச் சம்பந்தம் பேச ஆரம்பிச்சதுல இருந்துங்க. மாப்பிள்ளையோட மாமன் ஊட்லயும் இதே ஜாதி நாய் இருக்குதுன்னு காதுல விழுந்துச்சு. நல்லாத்தான இருக்கறான்னு…" குரல் தேய்ந்தது. "மாத்திர திங்கற நாய்க்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்?"

அந்த வார்த்தை விழுந்ததும் கதவோரம் பட்டுப்புடவையில் நின்ற யாமினி விறுக்கென்று உள்ளே போனாள். அப்பன்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. என் க்ளினிக் பூட்டிக் கிடந்தது. உதவியாளர் வெளியூர். யாராவது வண்டியில் போய்த் திறந்து மருந்தைத் தேடி எடுத்து வர வேண்டும். மேம்பால வேலை நடக்கிற அவிநாசி சாலையைக் குறுக்கே கடந்து திரும்பி வருவதற்குள் இந்த நாயின் மூளை வெந்துவிடும். இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் கல் மாதிரி வைத்திருந்தேன். முகத்தை அப்படி வைத்திருப்பதுதான் நம் தொழிலில் பாதி.

யாமினி திரும்பி வந்தாள். கையில் ஆபீஸுக்குக் கொண்டுபோகிற தோள்பை. என் பக்கத்தில் மண்டியிட்டு, பையின் உள் ஜிப்பைத் திறந்து, ஒரு சின்ன மூக்கு ஸ்ப்ரேயை எடுத்து நீட்டினாள்.

"டாக்டர், இது ஆகுங்களா?"

பெயரைப் படித்தேன். வலிப்பு நிற்காமல் வரும்போது மனிதர்களுக்கு மூக்கில் அடிக்கிற மருந்து. நாய்க்கும் அதே மருந்துதான் முதலில் கை கொடுக்கும். அவள் முகத்தைப் பார்த்தேன். இது ஏன் உன்னிடம் இருக்கிறது என்று கேட்கத் தேவையே இல்லாத முகம். நான் தொழில் சம்பந்தமாக ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"தேதி முடியலயே?"

"இல்லீங்க. இப்பத்தான் வாங்குனது."

"இதேதும்மா உங்கிட்ட?" என்றார் வரதராஜன்.

"ஆபீஸ்ல கூட வேல செய்யற புள்ளயோடதுங்க. மறந்து வெச்சுட்டுப் போயிட்டா…" என்று சுலோசனா அவசரமாக ஓடி வந்தார்.

"என்னுதுதானுங்க மாமா" என்றாள் யாமினி. "எனக்குத்தான் ஃபிட்ஸ் வரும். காலேஜ் படிக்கறப்ப வந்துச்சு. தினமும் மாத்திர சாப்படறேன். வந்து வருசக்கணக்காச்சு. இது அவசரத்துக்கு." சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "தலையப் புடிச்சுக்கறேன், அடிங்க டாக்டர்."

மனிதர் மருந்தை நாய்க்குக் கொடுக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவள் நான். எடையைக் கண்ணால் அளந்து, அளவை மனதுக்குள் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்து, பங்காருவின் மூக்கில் அடித்தேன். சற்று நேரத்தில் பின்னங்கால் நின்றது. பிறகு முன்னங்கால். பிறகு அது ஒரு பெருமூச்சு விட்டது.

ஜெகந்நாதன் அழ ஆரம்பித்தார். நாய்க்காகவா, மகளுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"கார எடுங்க, க்ளினிக்குக் கொண்டு போயே ஆகோணும்" என்றேன். யாரோ சாவியைத் தேடப் போனார்கள். இரும்பு வைத்தியத்துக்காக எல்லாச் சாவியும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. அந்த இடைவெளியில்தான் வரதராஜன் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. மனதில் பட்டதைக் கேட்கிற மனிதர்.

"ஏனுங்க டாக்டரம்மா… இது பரம்பரையா வர்றதுன்னு இப்பத்தான சொன்னீங்க. சேக்கக்கூடாதுங்கறீங்க. நாய்க்கு அப்படின்னா…" என்று யாமினியைப் பார்த்து நிறுத்தினார்.

எல்லாக் கண்ணும் என் மேல். சகுனத்தை விரட்ட நான் எறிந்த அதே கல் சுற்றிக்கொண்டு அந்தப் பெண்ணின் தலைக்கு வந்திருந்தது. உள்ளங்கை வியர்த்தது என்றேனே, அது இப்போதுதான்.

அப்போது எனக்கு நிறையப் பேச ஆசை வந்தது. மனிதர்களுக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை, எத்தனையோ பேர் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறார்கள் என்றெல்லாம் நான் படித்தது, கேட்டது எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஆனால் அந்தப் பெண் என் பேஷண்ட் இல்லை. நான் நல்லது சொல்ல ஆரம்பித்தால், நாளைக்கு ஒரு மாட்டு டாக்டர் கெட்டது சொன்னாலும் இவர்கள் கேட்பார்கள்.

"மாப்பிள்ளைக்கு மாமா கேக்கறதால சொல்றேனுங்க" என்றேன். "எம் படிப்பு நாலு காலோட நின்னுபோச்சு. ரெண்டு கால் சங்கதி எனக்குத் தெரியாது, அதுக்குப் பெரிய டாக்டருங்க இருக்கறாங்க, அவுங்ககிட்டக் கேளுங்க. நாயப் பத்திச் சொல்றேன். நாய்க்கு நாமதானுங்க ஜோடி பாக்கறோம். அப்பனுக்கும் மகளுக்கும்கூடச் சேத்து வெக்கறாங்க, காது நீளமா வரோணும்னு. அந்தப் பாவம் நம்முளுது. அதனால நிறுத்தறதும் நம்ம பொறுப்பு. மனுசங்க அப்படியா கல்யாணம் பண்றோம்? காத அளந்து பாத்தா பொண்ணெடுக்க வந்தீங்க?"

வரதராஜன் தன்னையறியாமல் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜேஸ்வரி மட்டும் ஜமக்காளத்தின் ஈரமான பட்டையையே பார்த்துக் கொண்டிருந்தார்.

கார் சாவி கிடைத்தது. கார்த்தி ஓட்டினான். நான் முன்சீட்டில். பின்சீட்டில் யாமினி, நகை நட்டோடு, மடியில் பங்காரு. பெண்ணும் மாப்பிள்ளையும் முதன் முதலாகச் சேர்ந்து போன ஊர்வலம் அதுதான். வழியெல்லாம் ஹாரன்தான் மேளம். அரைத் தூரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"தெரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

கார்த்தி கியரை மாற்றினான்.

"முதல் நாளே போன்ல எல்லாத்தயும் சொன்னனா இல்லியா? எனக்குப் பரவால்லன்னு நீங்க சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்" என்றான் கார்த்தி. கழுத்துச் சிவந்திருந்தது. "அம்மாகிட்ட நல்ல நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

"அந்த நல்ல நேரத்துக்குத்தான் இன்னிக்கு எல்லாரும் வந்தாங்க. அத்தன பேர் முன்னாடி நான் தனியா நின்னேன். நீங்க குஷன் புடிச்சிட்டு இருந்தீங்க."

நான் முன் கண்ணாடி வழியாகச் சாலையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு வந்தேன். நம் தொழிலில் காது கேட்காமல் போகிற வித்தையும் வேண்டும்.

க்ளினிக்கில் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, பங்காருவின் மூச்சு சீரான பிறகு நான் வெளியே வந்தேன். கார்த்தி பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக் கொண்டிருந்தான். எதிரே யாமினி நின்றாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான், அவளுக்குக் கேட்க வேண்டும் என்று.

"அம்மா, எனக்கு முன்னாடியே தெரியும். யாமினி மொதல்லயே சொல்லிட்டா. நாந்தான் உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுப்போட்டேன். எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

லைன் போய்விட்டதோ என்று கார்த்தி போனைக் காதில் வைத்துப் பார்த்தான். பிறகு ராஜேஸ்வரியின் குரல் வந்தது.

"ஜமக்காளத்தத் தண்ணியில நனைக்கச் சொல்லிட்டு வந்தியா? மூத்திர உப்புக் காஞ்சா சாயம் போயிரும். நானே நனைச்சுட்டேன், போ." கட் ஆகிவிட்டது.

கார்த்தி என்னைப் பார்த்தான். "இதுக்கு என்னுங்க டாக்டர் அர்த்தம்?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க அம்மா" என்றேன். ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்தவர் யாரும் சம்பந்தி வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து ஜமக்காளம் அலச மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. யாமினிக்கும் தோன்றியிருக்க வேண்டும். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அதற்காக அடுத்த முகூர்த்தத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தட்டு மாற்றாமலே பவானிக்காரர்கள் கிளம்பினார்கள். "போயிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க" என்றார்கள். நம் ஊரில் முடியாது என்று மரியாதையாகச் சொல்வதும் அப்படித்தான், யோசிக்கிறோம் என்று சொல்வதும் அப்படித்தான். சுலோசனா வாரக்கணக்கில் போன் மணி அடித்தாலே நடுங்கினார்.

இந்த நடுவில் ஜெகந்நாதன் செய்ததை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பங்காரு தேறியதும் அவரே என்னிடம் வந்தார்.

"ஆபரேஷன் பண்ணிப்போடுங்க டாக்டரம்மா. இவன் வம்சம் இவனோட போதும்."

அதோடு நிற்கவில்லை. முன்பு குட்டி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நேரில் கிளம்பினார். போன் போதுமே என்றேன். "குட்டிய நேர்லதானுங்க குடுத்தேன்" என்றார். பலகாரப் பொட்டலத்தோடு ஒவ்வொரு வாசலிலும் நின்று, அப்பனுக்கு வலிப்பு உண்டு, பிள்ளைக்கும் வரலாம், வந்தால் பயப்படாதீர்கள், ஜோடி மட்டும் சேர்க்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் பலகாரத்தைத் திருப்பிக் கொடுத்துச் சத்தம் போட்டார்களாம். இன்னொரு வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "எங்க பையனுக்கும் ரெண்டு தடவ வந்துச்சுங்க, வெயிலுன்னு நெனச்சுட்டோம்" என்றார்களாம். அந்த நாயை மறுநாளே என்னிடம் கூட்டி வந்தார்கள். ஜெகந்நாதன் வாசல் வாசலாக ஏறி இறங்கியதால் சரியான நேரத்தில் மருந்து தொடங்கிய நாய் அது. நாம் போஸ்டர் ஒட்டி இதைச் சாதிக்க முடியாது.

வரதராஜனுக்கு என்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அவரோ வாரம் ஒரு முறை போன் செய்தார். டயானாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, அப்பன் வழியில் கேட்டாயிற்று, சித்தப்பன் வழியில் விசாரிக்க வேண்டுமா என்பார். கடைசியில் எந்த வரனும் தேறவில்லை. டயானா இன்றைக்கும் கன்னியாகத்தான் இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள்.

கோடை தொடங்கிய ஒரு பகலில் ராஜேஸ்வரி க்ளினிக்குக்குள் தனியாக வந்தார். பவானியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தம் வேண்டாம் என்பதை என் மூலம் சொல்லி அனுப்ப வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"டாக்டரம்மா, அன்னிக்கு மூக்குல அடிச்சீங்களே ஒரு மருந்து, அத எப்படி அடிக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

"எதுக்குங்க? உங்கூட்லயும் நாய் வாங்கிட்டீங்களா?"

"நாய் இல்லீங்க" என்றார். "மருமவ வாரா."

நான் சற்று நேரம் மேசையில் எதையோ தேடுவது போல் பாவனை செய்ய வேண்டியிருந்தது.

"அத யாமினிகிட்டயே கேக்கலாமுங்களே?"

"கேட்டேனுங்க. எல்லாரும் சேந்து அவ காட்டற பெரிய டாக்டர்கிட்டப் போனோம். எங்க சந்தேகமெல்லாம் கேட்டு முடிச்சுட்டோம். வெளிய வந்து புள்ள எனக்குப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தா. நாந்தான் அன்னிக்குக் கண்ணாடி எடுத்துட்டுப் போவல. ஒண்ணும் தெரியல. செரி செரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். மறுபடி கேட்டா, இந்த அத்தைக்கு ஒண்ணும் வெளங்காதுன்னு நெனச்சுக்குவா."

யாமினியின் ஆபீஸ் பக்கத்தில்தானே. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே போன் செய்துவிட்டேன். சாப்பாட்டு நேரம், கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடி வந்தாள். இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு காலி ஸ்ப்ரேயைக் கையில் கொடுத்தேன். ராஜேஸ்வரி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல ஒருக்களிச்சுப் படுக்க வெக்கோணுங்க அத்தை. இரும்பெல்லாம் வேண்டாம்."

"இரும்ப உங்க நைனா ஊட்டோட விட்டாச்சு. நீ மேல சொல்லு கண்ணு."

பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் காத்திருந்த ஒருவர், மடியில் கூடையோடு, வாயைப் பிளந்து பாடம் கேட்டுக் கொண்டிருந்தார். நான் அவரை உள்ளே கூப்பிட்டேன். கூடைக்குள் ஒரு முயல். அதற்கு வயிற்றுப்போக்கு.